எஞ்சின் ஏன் பின்னால் நிற்கிறது?

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். எஞ்சின் கடைசியில் இருந்தது. "அப்போ முன்னாடி யாருப்பா ஓட்டுறாங்க?" என்று மகன் கேட்டான். பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன்.
- வாசகர், விருதுநகர்

பதில்: முன்னால் இருப்பவர் ஓட்டுவதில்லை, கொடி காட்டுகிறார். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். எஞ்சின் டிரைவருக்கு எதிரே பாதை தெரியாது. முதல் பெட்டிக்காரர் காட்டும் பச்சையோ சிவப்போ, பெட்டி பெட்டியாகப் பின்னுக்கு வந்து அவரைச் சேரும்.

சரி, எஞ்சினை முன்னால் மாட்டினால் என்ன? சின்ன வயதில் நான் இதைக் கேட்டபோது அப்பா திருப்பிக் கேட்டார்: "மேட்டுல மூட்டை வண்டி ஏறும்போது எல்லாரும் பின்னால நின்னு தள்றாங்களே, எதுக்கு?" அவர் அருவங்காட்டில் வேலை பார்த்தவர், குன்னூரில் எங்கள் வீட்டுக் கடிகாரமே ரயிலின் கூவல்தான். கல்லாறு தாண்டினால் 12 அடிக்கு 1 அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் இருந்து, பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் விட்டுப்போனால் பெட்டிகள் கல்லாற்றுக்கே திரும்பிவிடும். அதனால் ஏறினாலும் இறங்கினாலும் எஞ்சின் பள்ளத்துப் பக்கம்தான்.

அடுத்த முறை பவானி பாலத்தில் போட்டோ எடுத்து முடித்ததும் போனை உள்ளே வைத்துவிடுங்கள். கல்லாற்றில் வேகம் குறையும், காலடியில் ஒரு சின்ன அதிர்வு வரும். எஞ்சினின் பல் சக்கரம், தண்டவாளத்துக்கு நடுவே ஓடும் பல் சட்டத்தைக் கவ்வும் இடம் அது. அந்தச் சட்டம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதின் பள்ளம் வரும்படி வைத்திருப்பார்கள். ஆக, எந்த நொடியிலும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும். கிரீஸ் கறுத்துப்போய்க் கிடக்கும், கை வைத்துவிடாதீர்கள். இங்கே எஞ்சினில் இன்னும் இரண்டு சிலிண்டர்கள், அதாவது நீராவி பிஸ்டனைத் தள்ளும் உருளைகள், வேலைக்கு வரும். முதல் இரண்டில் வேலை பார்த்த நீராவியே இவற்றுக்கும் போகும். சத்தமே மாறிவிடும். ஆனால் வேகம்? மணிக்கு 13 கிலோமீட்டர். இப்படியேதான் குன்னூர் வரை.

கேள்வி: டிக்கெட் கிடைக்கவில்லை. குன்னூர் - ஊட்டி மட்டும் போனால் போதாதா?
- வாசகி, ஈரோடு

பதில்: கேத்தி பள்ளத்தாக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பல் சட்டம் குன்னூரோடு முடிந்துவிடும், அப்புறம் டீசல் எஞ்சின். பாதையே 1899இல் குன்னூர் வரைதான் வந்தது. ஊட்டியைத் தொட 1908 ஆனது. பாயசம் கேட்டவருக்கு அப்பளம் போட்ட கதைதான். நல்ல அப்பளம், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நவம்பரில் வருகிறோம். மழைக்கு ரயில் ஓடுமா?
- வாசகர், மதுரை

பதில்: வடகிழக்குப் பருவமழை எங்கள் சரிவில் நன்றாகவே இறங்கும். ஒரு பெரிய மழைக்கு மண்ணும் பாறையும் பாதையில் விழுந்தால், அதை அள்ளி முடிக்கும்வரை ரயில் கிடையாது. ஜனவரிக்குத் தள்ளிப்போடலாம் என்றால் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால், காலை 7.10 ரயில் ரத்தானாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் இருக்கிறது. பர்லியாறு வழியாக 14 கொண்டை ஊசி வளைவுகள். இட்லியை மட்டும் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.