சிறு வீடு கேள்வி–பதில்: கூரையறைக்கு ரோஜாப்பூ எதற்கு?

விக்டோரியா காலத்துப் பொம்மை வீட்டின் வரவேற்பறை பற்றிச் சென்ற இதழில் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நேரே கூரைக்கு ஏறிவிட்டன. கீழே எல்லாம் முடிந்தது, மேலே என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். லண்டனில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் அளவெடுத்து வரைபடம் போடுவது என் பிழைப்பாக இருந்தது. அந்த வீடுகளின் கூரைக்கடியில் முழங்கால் தேய ஊர்ந்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன். அளவுகள் எல்லாம் 12-க்கு 1 கணக்கு. நிஜத்தில் ஓர் அடி என்றால் பொம்மை வீட்டில் ஓர் அங்குலம்.

மூன்று தள வீடு. கூரையறைக்கு ரோஜாப்பூ வால்பேப்பர், பொன்னிற ஓரப்பட்டை, குட்டிச் சரவிளக்கு வாங்கி வைத்திருக்கிறேன். சாய்ந்த சுவரில் காகிதத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது எப்படி?
– வாசகி, திருச்சி

ஒட்டவே வேண்டாம், சகோதரி. அந்தக் காகிதத்தைக் கீழே எஜமானியின் படுக்கையறைக்குக் கொடுத்துவிடுங்கள். சரவிளக்கைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள்.

அந்தக் காலத்து நகர வீட்டில் கூரைக்கடியில் படுத்தவர்கள் வேலைக்காரப் பெண்கள். 1891 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீட்டு வேலையில் இருந்த பெண்கள் பத்து லட்சத்துக்கும் மேல். வெயிலில் வேகும், குளிரில் விறைக்கும் அறை அது. அதற்குப் பணம் செலவழிக்க எந்த எஜமானருக்கும் மனம் வராது. கீழே நான்கு பலகம் வைத்த கதவு என்றால் மேலே வெறும் பலகைக் கதவு. கீழே கம்பளம் விரித்த அகலமான படி. மேலே ஏறுவதற்குப் பின்கட்டில் குறுகலான, செங்குத்தான படி. இந்த இறக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் கட்டியது விக்டோரியா வீடாகாது, மூன்று வரவேற்பறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பெட்டிதான்.

சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை போதும். அட்டைக்கு அக்ரிலிக் வெள்ளையில் துளி மஞ்சள் காவி கலந்து, முனை தேய்ந்த தூரிகையால் பூசுங்கள். தூரிகைத் தடம் தெரிந்தால் நல்லது. சுண்ணாம்பில் நீலம் கலக்கும் வழக்கம் நம்மைப் போல் அங்கேயும் உண்டு. ஆகவே லேசான நீலச் சாயலும் பொருந்தும். புகைபோக்கிச் சுவரின் ஓரத்தில் தேநீர் டிகாக்ஷனை ஒற்றி எடுத்தால் மழைநீர் இறங்கிய கறை கிடைக்கும். தரைக்கு அகலமான ஐஸ் குச்சிகள். ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் அகலம் இருக்கும் அவை, நிஜத்தில் எட்டரை அங்குலப் பைன் பலகைக்குச் சமம். வார்னிஷ் கூடாது. தேய்த்துக் கழுவிக் கழுவி வெளுத்த பலகை அது.

கட்டில் இரும்பாக இருக்கட்டும். மரக்கட்டிலின் மூட்டுகளில் மூட்டைப்பூச்சி குடியேறும் என்பதால் வேலைக்காரர் அறைக்கு இரும்புக் கட்டில்தான் அன்றைய வழக்கம். கால்களுக்கு 2 மில்லிமீட்டர் கம்பி. தலைமாட்டு அழிகளுக்குக் கட்டடக்காரர்களின் கட்டுக்கம்பி. நீளம் ஆறேகால் அங்குலம், அகலம் இரண்டரை. பளபளப்பில்லாத கறுப்பு அடியுங்கள். மெத்தைக்குள் பஞ்சை அடைத்தால் பூரி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். கழுவிக் காயவைத்த நைஸ் மணலை அடைத்தால் நடுவில் குழிந்து, யாரோ படுத்து எழுந்த தோற்றம் வரும். மணலுக்குப் பதில் ரவை போடலாமா என்று ஒருவர் முன்பு கேட்டார். எறும்புக்கும் வீடு கட்டிக்கொடுக்க ஆசை என்றால் போடலாம்.

மற்ற சாமான்களை உங்கள் கழிவுப் பெட்டியிலேயே தேடுங்கள். கீழே உடைந்ததும் நிறம் மங்கியதும்தான் மேலே வந்து சேரும். விளிம்பு உடைந்த கூஜா, அதற்குப் பொருந்தாத பேசின், கை ஒடிந்த நாற்காலி, வரவேற்பறைக் கம்பளத்தில் வெட்டி மிஞ்சிய துண்டு, கட்டிலடியில் ஒரு சிறுநீர்ச் சட்டி, ஆணியில் தொங்கும் வெள்ளை ஏப்ரன்.

இத்தனைக்கும் மேலாக ஒரு தகரப் பெட்டி. முதல் வேலைக்குச் சேரும் பெண் தன் சீருடையைப் பெரும்பாலும் சொந்தச் செலவில் தைத்துக்கொண்டு வரவேண்டும்: காலையில் பூத்துணி உடுப்பு, பிற்பகலில் கறுப்பு உடுப்பும் வெள்ளை ஏப்ரனும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் பணத்தைச் சேர்ப்பதே பெரும்பாடு. அந்த அறையில் அவளுக்கென்று இருப்பது அந்தப் பெட்டி ஒன்றுதான். கூரையறையில் உங்கள் கைவேலையை எங்காவது காட்டத்தான் வேண்டும் என்றால் அதில் காட்டுங்கள். பால்பவுடர் டப்பாவின் மூடியடித் தகட்டை வெட்டி மடித்தால் அருமையாக வரும். உள்ளே மடித்த துணி, ஒரு கடிதம், ஒரு ரிப்பன். மூடியைக் கால்வாசி திறந்து வையுங்கள்.

அறையின் ஆழம் 14 அங்குலம். கூரைக்கு எத்தனை டிகிரி சாய்வு கொடுப்பது?
– வாசகர், கோயம்புத்தூர்

45 டிகிரி கொடுங்கள். கணக்கு மனத்திலேயே ஓடும். நடு முகடு பக்கச் சுவரிலிருந்து 7 அங்குலம் உயரும். ஆனால் சாய்வு தரையிலிருந்தே தொடங்கினால் ஓரங்கள் வீணாகும், கட்டிலைக்கூட ஒட்டிப் போட முடியாது. இரண்டு பக்கமும் 2 அங்குலக் குட்டைச் சுவர் எழுப்பி அதன்மேல் சாய்வைத் தொடங்குங்கள். முகடு 9 அங்குலத்துக்குப் போகும். ஆறடி மனிதர் நிமிர்ந்து நிற்கும் இடம் நடுவில் 6 அங்குலம் மட்டும் கிடைக்கும். அதைக் கூட்ட முயலாதீர்கள். குனிந்து நடக்கவேண்டிய இடம் இருந்தால்தான் அது கூரையறை.

பிரெஞ்சு பாணியில் கீழ்ச்சரிவு செங்குத்தாகவும் மேற்சரிவு தட்டையாகவும் உள்ள மான்சார்ட் கூரையும் அந்தக் காலத்து லண்டனில் உண்டு. 17-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் கட்டடக் கலைஞர் பிரான்சுவா மான்சாரின் பெயரில் வழங்குவது. இடம் தாராளமாகக் கிடைக்கும். முதல் வீடு கட்டுகிறவர் அதற்குள் போகவேண்டாம் என்பது என் கருத்து. மூட்டுக் கோணங்கள் இரட்டிப்பாகும்.

கைமரங்களை, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களை, மறைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆள் படுக்கும் அறையில் கைமரத்தின் அடியில் மெல்லிய மரப்பட்டிகளை அடித்துச் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். ஆகவே அங்கே மறையுங்கள். பக்கத்தில் சாமான் போடும் அறை வைத்தால் அங்கே கைமரம் அப்படியே தெரியட்டும்.

புகைபோக்கியை வெளியே கூரைமேல் மட்டும் ஒட்டினால் போதுமா?
– வாசகர், மதுரை

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு ஒரு கும்பிடு. கண்காட்சிகளில் நான் முதலில் குனிந்து பார்ப்பதே இதைத்தான். கீழே மூன்று கணப்பு எரிகிறது, கூரைமேல் நான்கு குழாய் நிற்கிறது, நடுவே கூரையறையில் புகை போக வழியே இல்லை! ஒவ்வொரு கணப்புக்கும் தனிப் புகைவழி உண்டு. அவை எல்லாம் சேர்ந்து கூரையறை வழியாகத்தான் மேலே போகவேண்டும். அதனால் அந்தச் செங்கல் தூண் இங்கேயும் அகலமாகவே இருக்கும். கீழ்த்தளக் கணப்புக்கு நேர் மேலே, 5 அங்குல அகலத்துக்கு ஒரு முட்டுச்சுவரை அட்டையிலாவது எழுப்புங்கள். கூரைமேல் குழாய்களை எண்ணி வையுங்கள்: கணப்புக்கு ஒன்று. வேலைக்காரர் அறையில் கணப்பே வைக்காவிட்டாலும் குற்றமில்லை. வைத்தாலும் கையகல இரும்புத் தட்டுதான். அதில் தீ மூட்டக் கரி கிடைத்தால் அவள் கொடுத்துவைத்தவள்.

ஸ்லேட் ஓடு தனியாக வாங்கினால் விலை கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?
– வாசகி, ஈரோடு

வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்குமே! கனத்த பத்திரிகை அட்டை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். நிஜ வேல்ஸ் ஸ்லேட் 5, 6 மில்லிமீட்டர் கனம். பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் மர ஓடுகள் பெரும்பாலும் இதைவிடத் தடிமனாக இருக்கும். கூரை பார்க்கச் செருப்புக் குவியல் போல் ஆகிவிடும்.

வேல்ஸ் சுரங்கங்களில் ஸ்லேட் அளவுகளுக்குப் பிரபுகுலப் பெண்களின் பட்டங்களை வைத்திருந்தார்கள். 24-க்கு 12 அங்குலம் ‘டச்சஸ்’, 20-க்கு 10 ‘கவுன்டஸ்’, 16-க்கு 8 ‘லேடி’. அந்தச் சீமாட்டிகளின் கீழே வேலைக்காரப் பெண் படுத்துக் கிடந்தாள் என்பது தனிக் கதை. நீங்கள் கவுன்டஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 42-க்கு 21 மில்லிமீட்டர்.

கீழே இறவாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி ஏறுங்கள். 18 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வரிசைக்கு மட்டும் 24 மில்லிமீட்டர் நீளக் குட்டை ஓடு. அதன்மேல் முழு ஓடு, அடிவிளிம்பு இரண்டுக்கும் ஒன்றாக. பிறகு ஒவ்வொரு வரிசையும் கோட்டில் நிற்கட்டும். இணைப்பு மேல் வரிசை ஓட்டின் நடுவில் விழவேண்டும். அப்போதுதான் எந்த இடத்திலும் மழைக்கு இரண்டு ஓடு குறுக்கே நிற்கும். வரிசை விட்டு வரிசை ஓரத்தில் பாதி ஓடு வைக்காதீர்கள்; காற்று பிடுங்கிவிடும் என்று நிஜக் கூரைக்காரர் ஒன்றரை ஓடு வைப்பார், நீங்களும் 32 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி வையுங்கள். 24 அங்குல அகலமும் 10 அங்குல நீளமும் உள்ள ஒரு சரிவுக்கு ஏறத்தாழ 410 ஓடு பிடிக்கும். வானொலியைப் போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

நிறம் அடிப்பதற்குமுன் அட்டையில் அச்சாகியிருக்கும் பிள்ளையார் கீழ்ப்பக்கம் போகட்டும். சாம்பல் நிறத்தில் துளி நீலம், துளி ஊதா. மூன்று கிண்ணங்களில் மூன்று சாயலாகக் கலந்து, ஓடுகளைப் பிரித்து நனைத்துக் காயவைத்து, பிறகு கலைத்துப் போட்டு ஒட்டினால் நிஜக் கூரையின் ஏற்ற இறக்கம் தானாகக் கிடைக்கும்.

வேலைக்காரர் அறை மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது. குழந்தைகள் அறை வைக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

தாராளமாக. பல வீடுகளில் குழந்தைகளும் தாதியும் மேல்தளத்தில்தான் இருந்தார்கள். சத்தம் கீழே கேட்கக்கூடாதல்லவா. ஜன்னலுக்கு அழி போடுங்கள், கணப்பைச் சுற்றி உயரமான கம்பி வேலி வையுங்கள், சாம்பல் புள்ளி போட்ட ஆடுகுதிரை ஒன்று. நோவாவின் பேழை ஒன்றும் வையுங்கள்: பக்தியான வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விளையாட அனுமதித்த பொம்மை அது. பைபிள் கதை என்பதால் தப்பித்தது.

திருச்சி வாசகியின் வால்பேப்பர் ஆசையும் இங்கே நிறைவேறும். ஓவியர் வால்டர் கிரேன் 1870-களில் குழந்தைகள் அறைக்கென்றே வால்பேப்பர் வரைந்தார். பளிச்சென்ற மரகதப் பச்சையை மட்டும் யோசித்துப் போடுங்கள். அந்தப் பச்சையில் ஆர்செனிக் நஞ்சு இருந்தது. விஷயம் பரவியபின் ‘ஆர்செனிக் இல்லாதது’ என்று விளம்பரம் செய்தே காகிதம் விற்றார்கள். உங்கள் வீடு 1850 என்றால் பச்சை சரி. 1885 என்றால் விவரம் தெரிந்த தாய் அதை ஒட்டியிருக்கமாட்டாள்.

கூரையறைக்கு எத்தனை பல்பு?
– வாசகர், சேலம்

ஒன்று. கீழே எரிவாயு விளக்கு வந்த வீடுகளிலும் மேலே பெரும்பாலும் மெழுகுவர்த்திதான். நடுங்கி எரியும் மஞ்சள் எல்.இ.டி. ஒன்றைத் தகர மெழுகுவர்த்தித் தண்டில் பொருத்துங்கள். வயரைப் புகைபோக்கிச் சுவருக்குள் இறக்கிவிட்டு, அதன்பிறகு கூரையை மூடுங்கள். முன்சரிவை முகட்டில் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்யாவிட்டால் பல்பு போன அன்று கூரையை அறுக்கவேண்டி வரும்.

வயது 58. பொம்மை வீடு கட்டுகிறேன் என்றால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்.
– பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

புதுதில்லியைத் திட்டமிட்ட எட்வின் லட்யன்ஸ், வைஸ்ராய் மாளிகை எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1921 முதல் 1924 வரை, ராணி மேரிக்காக ஒரு பொம்மை வீட்டையும் வடிவமைத்தார். நம்முடைய அதே 12-க்கு 1 அளவு. குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், லிப்ட் ஓடும். 1924-இல் வெம்ப்லி கண்காட்சியில் வைத்தார்கள். இன்றும் வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. லட்யன்ஸுக்கு அப்போது வயது ஐம்பதுக்கு மேல். சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள், அல்லது சொல்லாமல் போய் ஓடு வெட்டுங்கள்.

சென்னை மழைக்காலத்தில் கூரைப் பலகை வளைந்துவிட்டது.
– வாசகர், தாம்பரம்

வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருப்பீர்கள். ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், மறுபக்கம் குடிக்காது. வளையாமல் என்ன செய்யும்? 6 மில்லிமீட்டருக்குக் குறையாத ப்ளைவுட் வாங்கி, வெட்டிய விளிம்புகள் உட்பட இரண்டு பக்கமும் ஒரே நாளில் சீலர் அடியுங்கள். ஓடு ஒட்டும் பசையில் தண்ணீர் கலக்காதீர்கள். வளைந்த பலகையை நிமிர்த்த மெனக்கெட வேண்டாம், புதிது வெட்டுங்கள்.

என் மகள் கூரையறையில் ஒரு பேய் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள்.
– வாசகி, நாகர்கோவில்

வைக்கட்டும், அவள் வீடு. மஸ்லின் துணியை நீர்த்த பசையில் நனைத்து, கண்ணாடிக் குப்பிமேல் போர்த்திக் காயவைத்தால் தானே நிற்கும். சாமான் போடும் அறையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிறுத்துங்கள். வேலைக்காரப் பெண் விடியுமுன் எழவேண்டியவள், அவள் தூக்கத்தைக் கெடுக்கவேண்டாம். உயரம் ஐந்தரை அங்குலத்துக்குள் இருக்கட்டும், சாய்வில் தலை இடிக்கும்.