அக்காவிடம் கேளுங்கள்: "இதுக்கெல்லாமோ அழுறாய்?"

கேள்வி: எனக்கு 27 வயது. ஆறு வருடமாக ஒருவரை விரும்பினேன். அவர் பாரிஸ் போய் உணவகமொன்றில் வேலை செய்கிறார். ஏஜென்சிக் கடன் முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றார். போன ஆவணியில் அங்கேயே வேறொரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டார். அவருடைய தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மாவிடம் அழுதால், "முள்ளிவாய்க்காலால ஒரு பையோட வந்தனாங்கள், இதுக்கெல்லாமோ அழுறாய்?" என்கிறார். அம்மா சொல்வதும் சரிதானே? ஆனால் நித்திரை இல்லை. வாட்ஸ்அப்பில் அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று பார்த்தபடியே இருக்கிறேன். பிரெஞ்சு வகுப்பையும் நிறுத்திவிட்டேன்.
- வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, அம்மா சொன்னதில் பொய் இல்லை. ஆனால் 2009இல் நீங்களும் அந்தப் பையோடு நடந்து வந்த பிள்ளைதானே. அன்றைக்குப் பட்டதற்காக இன்றைய துக்கத்தில் யாரும் கழிவு தருவதில்லை. வன்னியில் எங்களுக்கு இப்படி ஒரு பழக்கம் வந்துவிட்டது: யார் எதற்கு அழுதாலும் அதைவிடப் பெரிய இழப்பொன்றை எடுத்து முன்னால் வைத்துவிடுவோம். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் குந்திய அம்மாமாரை நினைத்தால் எனக்கும் வாயடைத்துப் போகும். அதற்காக உங்கள் அழுகை பொய்யாகிவிடுமா? உங்கள் அம்மாவுக்கு அழ நேரமே கிடைத்திருக்காது. அழுகிற பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவர் அரிசி புடைக்கிற நேரம் பக்கத்தில் போய் இருந்து, "அம்மா, ஒண்டும் சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்" என்று ஒருதரம் சொல்லிப் பாருங்கள்.

நித்திரைக்கு வருவோம். பாரிஸில் இரவு 11 மணிக்கு வேலை முடித்து ஒருவர் அழைத்தால் இங்கே கோடையில் விடிய இரண்டரை, பனிக்காலத்தில் மூன்றரை. அந்த நேரத்துக்கென்று ஃபோனைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்துப் பழகிய உடம்பு, ஆள் போனது தெரியாமல் இன்னும் அதே நேரத்துக்கு விழிக்கிறது. ஃபோனைக் குசினியில் வைத்துவிட்டுப் படுங்கள். எத்தனை மணிக்குக் கண் அயர்ந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புங்கள். பகலில் படுக்கவே வேண்டாம்.

அவருடைய இலக்கத்தை இன்றைக்கே பிளாக் பண்ணுங்கள். கோபத்துக்காக இல்லை. ஹெலன் ஃபிஷர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, காதலில் கைவிடப்பட்ட 15 பேருக்கு அவர்கள் விரும்பியவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கான் செய்து 2010இல் முடிவை வெளியிட்டது. போதைப்பொருள் ஏக்கத்தோடு தொடர்புள்ள பகுதிகள் அவர்களிடம் வேலை செய்துகொண்டிருந்தன. ஆனால் பிரிந்து நாள் கூடியவர்களிடம், பற்றோடு தொடர்புள்ள ஒரு பகுதி அடங்கி வந்ததையும் கண்டார்கள். நீங்களோ நாளுக்குப் பத்துத்தரம் எட்டிப் பார்த்து, அதை அடங்க விடாமல் வைத்திருக்கிறீர்கள். அவருடைய தங்கையின் ஸ்டேட்டஸும் இதில் சேர்த்திதான்.

"எப்ப பிரான்ஸ் பயணம்?" என்று சந்தையில் கேட்பார்கள். "அது சரிவரேல்லை" என்றால் போதும். அதற்கு மேலும் துருவினால், பஸ் வந்துவிட்டது என்று நடையைக் கட்டுங்கள்.

பிரெஞ்சு வகுப்புக்குத் திரும்பப் போங்கள். இரவிரவாக வினைச்சொல் பாடமாக்கியது நீங்கள், அவர் இல்லை.

நித்திரையின்மை இரண்டு கிழமைக்கு மேல் நீண்டால், அல்லது இருந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், 1926க்கு எடுங்கள். அரசின் மனநல உதவி இலக்கம். இரவிலும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் போகலாம். ஊர் 'விசர்' என்று சொல்லும் என்ற பயத்தில் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: காதலிக்குத் தவணைக் கட்டணத்தில் ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். அவள் பிரிந்துவிட்டாள். நான் இன்னும் கட்டுகிறேன். ஃபோனைத் திருப்பிக் கேட்கலாமா?
- வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: வேண்டாம் தம்பி. கேட்டால் தருவாள், பிறகு அந்த ஃபோனை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்? விற்றால் பாதி விலையும் வராது. தவணையை மட்டும் பிந்தாமல் கட்டுங்கள், வட்டி உங்கள் தலையில்தான் ஏறும்.