ஜீவாளி இல்லாத தம்பூரா

கேள்வி: ஐயா, பேரனுடைய பள்ளிக்கூடத்துக்கு மொசாம்பிக் கோஷ்டி ஒன்று வந்து மரப்பலகை வாத்தியம் வாசித்ததாம். போனில் பிடித்து வந்தான். 'ஙொய்'யென்று ஒரே இரைச்சல். என் ஹார்மோனியத்தோடு சுருதியும் சேரவில்லை. கெட்டது போனா, வாத்தியமா?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இரண்டும் கெடவில்லை, அம்மா. அது மொசாம்பிக்கின் சோப்பி இன மக்களுடைய ம்பிலா. பல சேர்ந்தால் திம்பிலா. பலகைக்குப் பலகை கீழே ஒரு காய் ஓடு தொங்கும். அந்தக் காய்க்குப் பெயரே மசாலா! (நம் அஞ்சறைப்பெட்டிச் சமாசாரம் இல்லை, விளாங்காய் போல ஓடு கெட்டியான காய்.) ஓட்டில் துளை போட்டு, மெல்லிய சவ்வை ஒட்டியிருப்பார்கள். பலகையைத் தட்டினால் உள்ளே காற்று அதிர்ந்து சவ்வு இரையும். வேண்டுமென்றே வைத்த இரைச்சல். தம்பூராவில் தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூலை எடுத்துவிட்டு மீட்டிப் பாருங்களேன், தந்தி செத்துக் கிடக்கும்.

சுருதியில் நானும் ஏமாந்தவன்தான். நாற்பது வருஷம் மிருதங்கம் சொல்லிக்கொடுத்த திமிரில், சுருதிப்பெட்டியும் கையுமாக ஒரு ஒலிப்பதிவோடு மல்லுக்கட்டினேன். ஸட்ஜம் சேர்ந்தது. ரிஷபம் இறங்கி நின்றது. காந்தாரம் நம் சாதாரண காந்தாரமும் இல்லை, அதற்கு மேலான அந்தர காந்தாரமும் இல்லை, இரண்டுக்கும் நட்டநடுவில். 'ஒழுங்காகச் சேர்க்கத் தெரியவில்லை' என்று வீட்டில் சொல்லியும் விட்டேன். பிறகுதான் தெரிந்தது, ஸ்தாயியை, அதாவது ஸ முதல் மேல் ஸ வரை, ஏறக்குறைய ஏழு சமபாகமாகப் பிரிப்பது அவர்கள் வழக்கம். பன்னிரண்டாகப் பிரித்த உங்கள் ஹார்மோனியம் அதோடு எப்படிச் சேரும்?

இந்த வித்தையைக் காப்பாற்றியவர்களில் வெனான்சியோ ம்பாந்தேவைச் சொல்லியாக வேண்டும். நம் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு வந்த மாதிரி, அவர் மொசாம்பிக்கிலிருந்து இங்கே தென்னாப்பிரிக்காவுக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர். பல வருஷம் சுரங்க வேலையோடு சுரங்கத் தொழிலாளர்களின் திம்பிலா கோஷ்டியையும் நடத்தினார். தொண்ணூறுகளில் மொசாம்பிக்கில் தன் ஊர்ப்பக்கமான சவாலாவுக்குத் திரும்பி, வாத்தியம் செய்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2015இல் காலமானார். திம்பிலாவை யுனெஸ்கோ கௌரவித்தது 2005இல்.

கேள்வி: அதே வாத்தியம் ஒன்றை எங்கள் பஜனைக் கோஷ்டிக்குச் செய்ய முடியுமா? வீட்டில் நல்ல பைன் பலகை இருக்கிறது.
- ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: பைன் வேண்டாம், தம்பி. 'டொக்' என்று நின்றுவிடும். அவர்கள் எடுப்பது ம்வென்ஜே என்ற மரம். இரும்பு மாதிரி இருக்கும், மெதுவாகத்தான் வளரும், இப்போது அங்கேயே கிடைப்பது சிரமம். கிடைத்தாலும் உங்கள் ஹார்மோனியக்காரர் முதல் நாளே சண்டைக்கு வருவார். பைனில் கஞ்சிரா ஸ்டாண்டு செய்யுங்கள்.