கேளுங்கள், சொல்கிறேன்: டியூக் பட்டமும் தாலிக்கயிறும்

கேள்வி: அக்கா, டிசம்பர் லீவில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் காரில் போனோம். என்-1 சாலையில் ரிச்மண்ட், போஃபர்ட் வெஸ்ட், வூஸ்டர் என்று ஊர்கள் வந்தன. "எல்லாம் இங்கிலீஷ் ராஜாக்கள் வைப்பாட்டிகளுக்குப் பெற்ற பிள்ளைகளின் வம்சப் பெயர்" என்கிறான் என் மகன். நிஜமா? அப்படிப் பிறந்தவனுக்கு டியூக் பட்டம் எப்படிக் கிடைக்கும்?
– ஒரு வாசகி, பீனிக்ஸ்

பதில்: பையனுக்கு நூற்றுக்கு எண்பது போடலாம். ரிச்மண்ட் அப்படியே சரி. ராஜா இரண்டாம் சார்லஸுக்கும் லூயீஸ் என்ற பிரெஞ்சுக்காரிக்கும் 1672இல் பிறந்தவன்தான் அந்த வம்சத்தின் முதல் டியூக். 1675இல் பட்டம் வந்தபோது அவனுக்கு மூன்று வயது. அந்த ஊர்ச் சட்டப்படி இப்படிப் பிறந்தவன் 'யாருக்கும் பிள்ளை இல்லை'. அப்பனின் பட்டம் அவனுக்கு இறங்காது. ஆனால் புதிதாக ஒரு பட்டத்தை உண்டாக்கி ராஜா கொடுத்தால் யார் தடுப்பது? அப்புறம் அது அவனுடைய முறையான பிள்ளைகளுக்குப் போகும். வெறும் பட்டமும் இல்லை. நியூகாசிலில் கப்பல் ஏறிய நிலக்கரியில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ஷில்லிங் அந்தக் குடும்பத்துக்குப் போனது.

சிம்மாசனம் மட்டும் கிடையாது. இதே சார்லஸின் மூத்த மகன் மன்மத் டியூக் அதற்கு ஆசைப்பட்டு 1685இல் தலையையே இழந்தான்.

நம் ஊருக்கு அந்தப் பெயர் வந்த கதை சுருக்கமானது. கேப் கவர்னர் மெய்ட்லண்டின் மாமனார் ஒரு ரிச்மண்ட் டியூக். மாமனாருக்கு ஊரையே சீர் செய்த மருமகன்!

பையன் இருபதை விட்டது மற்ற இரண்டில். அங்கே தொடக்கம் ராஜா இல்லை, மூன்றாம் எட்வர்டின் மகன் ஜான். கேத்தரின் என்பவளோடு வாழ்ந்து, போஃபர்ட் என்ற பெயரில் பிள்ளைகள் பெற்று, 1396இல்தான் அவளைக் கட்டினார். மறு வருஷமே பார்லிமென்ட் அந்தப் பிள்ளைகளை முறையானவர்கள் ஆக்கியது. அந்த வழியில் வந்த ஒரு டியூக்குக்கும் கல்யாணம் இல்லாமல் ஒரு மகன். அவனுக்கு 1514இல் வூஸ்டர் பட்டம். ஒரே கொடியில் இரண்டு முடிச்சு. அந்தக் கொடியில் வந்தவர்தான் 1814 முதல் 1826 வரை கேப் கவர்னராக இருந்த சார்லஸ் சாமர்செட். குடும்பப் பட்டங்களை ஊர்களுக்குச் சூட்டிவிட்டுப் போனார்.

அதே கேப்பில் 1913 மார்ச்சில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு எழுதினார். கிறிஸ்தவ முறையில் நடந்து, பதிவும் ஆன கல்யாணம்தான் செல்லும் என்றார். மஞ்சள் கயிறு கட்டியவர்கள் எல்லாரும் ஒரே நாளில் வைப்பாட்டிகள், பிள்ளைகள் முறை தவறியவர்கள். அதை எதிர்த்து நம் பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். உள்ளே நோயில் விழுந்த வள்ளியம்மை, வெளியே வந்த கொஞ்ச நாளில், 1914 பிப்ரவரியில் இறந்தாள். அந்த வருஷமே சட்டம் இறங்கி வந்தது. ஏற்கெனவே நடந்த கல்யாணத்தைப் பதிந்துகொள்ளலாம் என்றார்கள்.

எங்கள் ஆயா அந்தச் சீட்டைப் பிஸ்கட் டப்பாவில், தாலி கட்டிய மஞ்சள் துணியோடு வைத்திருந்தாள். மடிப்பெல்லாம் கிழிந்த காகிதம். ஓரத்தில் தாத்தாவின் கைநாட்டு, மை கொஞ்சம் இழுபட்டு. தேதி 1915. அப்போது எங்கள் அப்பாவுக்கும் மூன்று வயது.