இலங்கையில் காணாமல் போனவர்களின் அம்மாக்கள் ஏன் இன்னும் போராடுகிறார்கள்? இறப்புச் சான்றிதழும் இழப்பீடும் வாங்கிக்கொள்ளக் கூடாதா?

இப்படிக் கேட்ட உங்களுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். 2009 மே மாதம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். அதனால் கோபமில்லை. ஆனால் பதில் சொல்லாமல் தாண்டிப்போக மனம் வரவில்லை.

சென்னை வளசரவாக்கத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். யாராவது பழைய படத்தைப் பெரிசு பண்ணக் கொண்டுவந்தால், பெரும்பாலும் மாலை போட்டு மாட்டத்தான். கீழே 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு தேதி போட்டுக் கொடுப்போம். 2019இல் ஒரு அம்மா வந்தார். கிளிநொச்சிப் பக்கம், இங்கே மகள் வீட்டுக்கு வந்திருந்தார். கைப்பைக்குள் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்த துணி, துணிக்குள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம். பையனுக்கு இருபது வயது இருக்கும். ஈரம் பட்டு இடது காதுப் பக்கம் வெளுத்திருந்தது. ஸ்கேன் செய்துகொண்டே, பழக்க தோஷத்தில் "மறைவு தேதி என்னம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. "திகதி ஒண்டும் போட வேண்டாம் தம்பி. என்ர பிள்ளை செத்தவன் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து அவரே சொன்னார். 2009 மே 18, போர் முடிந்த நேரம், முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகல். புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் அறிவித்திருக்கிறது. நம்பி, மகனின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இவரே ஒப்படைத்திருக்கிறார். பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்திருக்கிறார். அதோடு சரி.

இது தொலைந்துபோன பிள்ளை இல்லை, கொடுத்த பிள்ளை. அதனால்தான் 'காணாமல் போனவர்' என்றாலே அவர் திருத்துவார்: "காணாமல் ஆக்கப்பட்டவர்". 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் இன்னொரு ஆணைக்குழு, 2018இல் காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒவ்வொரு இடத்திலும் அதே கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறார். கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் 2017 பிப்ரவரியில் போட்ட பந்தலில் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் இந்தப் படம். 2020 ஜனவரியில், காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று அன்றைய ஜனாதிபதி கோத்தபய ஐ.நா. அதிகாரியிடம் சொன்னதாகச் செய்தி வந்தபோது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இறந்தார்கள் என்றால் எங்கே, எப்படி, யார் கையில்? சான்றிதழை வாங்கிக்கொண்டால் அந்தக் கேள்வியையும் சேர்த்து மடித்து வைத்துவிட வேண்டியதுதான்.

'புலிகள் பிடித்துப்போன பிள்ளைகளைப் பற்றிப் பேச மாட்டாயா' என்று யாராவது கீழே கேட்பீர்கள். பேசுவேன். அந்த அம்மாக்கள் கேட்பதும் நியாயம்தான். 1980களின் கடைசியில் ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சிக் காலத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மார்களும் இதே போலத் தெருவுக்கு வந்தவர்கள்தான். நான் எந்தக் கட்சியிலும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் மகள் இந்த ஏரியாவிலேயே நான்கு வீடு மாறிவிட்டார். வாடகை ஒழுங்காகக் கொடுக்கிற குடும்பம். 'சிலோனா?' என்று கேட்டதும் வீடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது என்கிறார்கள். மறுநாளும் அதே வாசலில் டு-லெட் போர்டு தொங்குகிறது. மேடையில் தொப்புள்கொடி உறவு என்று கைதட்டுகிற ஊர் இது. எனக்கு வயிறு எரிகிறது.

அன்று தேதி இல்லாமல், காதுப் பக்கம் மட்டும் சரிசெய்து, ஏ4 அளவில் லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். அவர் விரலால் அந்தக் காதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றார். பணம் வாங்கவில்லை; அவர் வற்புறுத்தியும் வாங்கவில்லை. பழைய படம் கொண்டுவருகிறவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் "எதுக்காகப் பெரிசு பண்றீங்க?" என்றுதான் கேட்கிறேன். கடைப் பையனுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.