பெயர்கள் மட்டும் ஏன் நழுவுகின்றன?

வணக்கம்.

எனக்கு 66 வயது. இரண்டு ஆண்டுகளாக, நன்கு பழகியவர்களின் பெயர்கள்கூட உடனே நினைவுக்கு வருவதில்லை. முகம் தெரிகிறது, எங்கே சந்தித்தோம் என்பது தெரிகிறது. பெயர் மட்டும் அரைமணி நேரம் கழித்துத் தானாக வருகிறது. முதுமையில் மூளையின் செல்கள் நாள்தோறும் ஒரு லட்சம் இறக்கின்றன என்று இளமையில் படித்தது இப்போது அச்சுறுத்துகிறது. இது அல்சைமரின் தொடக்கமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்த ஒரு லட்சம் கணக்கை முதலில் மனத்திலிருந்து அகற்றிவிடுங்கள். இறந்தவரின் மூளையை ஆய்வுக்காகப் பதப்படுத்தும்போது இளம் மூளை முதிய மூளையைவிட அதிகமாகச் சுருங்கும். சுருங்கிய மூளையின் சீவலில் செல்கள் நெருக்கமாகத் தெரியும். இதைக் கணக்கில் கொள்ளாமல் எண்ணியதும் ஒரு காரணமாக, முதுமையில் செல்கள் பெருமளவில் அழிவதாக முந்தைய ஆய்வாளர்கள் நம்பினார்கள். திருத்திய முறையில் 1990களில் டென்மார்க்கில் எண்ணியபோது, 20 வயதுக்கும் 90 வயதுக்கும் இடையே பெருமூளையின் மேலடுக்கான புறணியில் குறையும் நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள், ஏறத்தாழ 10 சதவீதம்தான் என்று தெரிந்தது.

மாறுவது பெரும்பாலும் செல்களுக்கு இடையேயான இணைப்பு. நியூரானின் கிளைகளில் முட்களைப் போன்ற நுண்ணிய புடைப்புகள் உண்டு. பிற செல்களின் செய்திகளில் பெரும்பகுதி அவற்றில்தான் வந்து சேர்கிறது. வயதான குரங்குகளின் நெற்றிப்புற மூளையை ஆராய்ந்தபோது, அங்கே மிகவும் குறைந்திருந்தவை எளிதில் உருமாறக்கூடிய மெலிந்த முட்கள். காளான் வடிவில் பருத்து நிலைபெற்றவை பெரும்பாலும் அப்படியே இருந்தன. புதியதைக் கற்க மெலிந்தவையும், கற்றதைக் காக்கப் பருத்தவையும் உதவுகின்றன என்று கருதப்படுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சியைத் துல்லியமாக விவரிக்கும் முதியவர், காலையில் கேட்ட செய்தியைத் தவறவிடுவதற்கு நான் படித்தவற்றுள் மனம் ஏற்கும் விளக்கம் இதுவே.

பெயர்களுக்குத் தனியே ஒரு குறையும் உண்டு. ஒருவர் தச்சர் என்றால் மரம், உளி, இழைப்புளி என்று அச்சொல்லை எட்டப் பல வழிகள் இருக்கின்றன. அவருடைய பெயருக்கோ ஒலியைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. மூளையின் வேகம் குறையும் வயதில், ஒற்றை வழி மட்டுமே உள்ள சொல்தான் முதலில் சிக்கிக்கொள்கிறது. சொல்வளம் அறுபதுகளிலும் குன்றுவதில்லை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். புதிய நினைவுகளை உருவாக்கும் ஹிப்போகேம்பஸுக்கு வாயிலாக அமைந்த என்டோரைனல் புறணியை அல்சைமர் தொடக்கத்திலேயே தாக்குகிறது; இயல்பான முதுமையோ ஹிப்போகேம்பஸின் உள்ளே, டென்டேட் கைரஸ் என்ற பகுதியில் அதிகம் தென்படுகிறது. நரம்பியல் அறிஞர் எரிக் கேண்டலின் குழுவினர் 2013இல், இறந்தவர்களின் மூளைகளில் இப்பகுதியில் ஒரு புரதம் வயதோடு குறைவதைக் கண்டார்கள். முதிய சுண்டெலிகளின் மூளையில் அதைக் கூட்டியபோது அவற்றின் நினைவாற்றல் மேம்பட்டது. முதுமையின் மறதி அல்சைமரின் மெல்லிய வடிவம் அல்ல, அது வேறொன்று என்பதற்கு இது வலுவான சான்று.

அரைமணி நேரம் கழித்துப் பெயர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது அழியவில்லை, எடுப்பதில்தான் தாமதம். அல்சைமரின் தொடக்கத்தில் நிகழ்ச்சியே பதியாமல் போவதால், குறிப்புக் கொடுத்தாலும் பெரும்பாலும் நினைவு மீள்வதில்லை. கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும், பழகிய பாதையில் வழி தவறுவதும் நேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. ஆயினும் ஒரு கடிதத்தை வைத்து நோயில்லை என்று உறுதி கூற எனக்குத் தகுதியில்லை. ஒருமுறை மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும், இவற்றைச் சரிசெய்ய முடியும். காது கேட்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள், சரியாகக் கேட்காத பெயர் சரியாகப் பதிவதும் இல்லை. போகும்போது உடன் வாழும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். மறதி எப்போது தொடங்கியது, எப்படி மாறியது என்பதை அவர் சொல்லக் கேட்பது மருத்துவருக்கு மிகவும் உதவும்.