சத்துவாச்சாரி வீட்டில் நானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் மவுஸை நகர்த்தினால் பாட்டுக்கு நடுவே 'கிர்ர்' என்கிறது. சவுண்ட் கார்டு போட்டால் சரியாகுமா?

உள்ளே சொருகும் கார்டுக்குக் காசு போடாதீர்கள். கிராபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும் கிளப்பும் மின் இரைச்சல்தான் ஆடியோ பகுதிக்குள் நுழைகிறது, முன்பக்க ஜாக்கின் ஒயர் அதையெல்லாம் கடந்து வருவதால் அங்கே இன்னும் மோசம், அதனால் முதலில் பின்பக்க ஜாக்கில் சொருகிக் கேளுங்கள். போகவில்லையா? யுஎஸ்பி டாக் (DAC, யுஎஸ்பியில் சொருகும் வெளி ஆடியோ கருவி) ஒன்று வாங்குங்கள், டிஜிட்டலை ஒலியாக்கும் வேலையே கேபினட்டுக்கு வெளியே போய்விடும். ஆம்ப்ளிஃபயர் சேர்த்ததும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தால் அது பெரும்பாலும் எர்த் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த்தும் கேபிளும் சேர்ந்து ஒரு மின் வளையமாகிவிடுவது. ஒளியாக ஆடியோவை அனுப்பும் ஆப்டிகல் கேபிளில் மின்சாரம் போகாது, அதில் இணைத்தால் நின்றுவிடும். எர்த் பின்னை மட்டும் தயவுசெய்து கழற்றாதீர்கள், உயிருக்கு ஆபத்து. அப்புறம் நம்ம வேலூர் வெயில்: மே மாதம் 40 டிகிரி தாண்டினால் கேபினட்டின் சின்ன ஃபேன் கத்தத்தான் செய்யும், 140 மி.மீ. ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள்.